பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்ரிக்கரா, பட்ஜா, வெறும் மேனியா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் திருத்தி எடுக்கிறவர்கள் எஞ்சினுக்கும் ரிங்கர் என்கிற தகர வேலைக்கும் காசு தேடிக் களைத்துப்போய், பெயின்ற் காய்ந்த பிறகுதான் அதன் மேல் என்ன ஒட்டலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். உண்மையில் யோசிக்க வேண்டியது பெயின்றுக்கு முதல். வவுனியாவில் என் மச்சான் ஒருவர் வாங்கி வைத்திருக்கிற எம்.ஜி. மிட்ஜெட் இப்போது அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது. 1960களின் நடுப்பகுதி மொடல். உக்கின தகரம் வெட்டிப் புதுத் தகரம் வைத்தாயிற்று, பிரைமர் அடித்தாயிற்று, சிவப்பு அடிக்க நாளும் பார்த்தாயிற்று. அலங்காரம் என்று வந்ததும் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மூத்த மகனுக்குப் பொனற்றில் இரண்டு வெள்ளைக் கோடு வேண்டும். லண்டனில் இருக்கிற தம்பி, இங்கிலாந்துக் கார் என்பதால் யூனியன் ஜாக் கொடி ஸ்ரிக்கர் அனுப்புகிறேன் என்று நிற்கிறார். மச்சாளுக்கு முன்கண்ணாடியில் வற்றாப்பளை அம்மன் துணை. மச்சானோ எல்லாவற்றையும் கழற்றி, துளைகளை மூடி, மொழுமொழுவென்று விட்டால்தான் அழகு என்கிறார். என்னையும் கேட்டார்கள். எனக்கு நான்கிலுமே முழுச் சம்மதம் இல்லை.

வன்னியில் பழைய பிரித்தானியக் கார் என்றால் யாரும் வாய் பிளக்கப் போவதில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காதபோது, ஒஸ்ரின் ஏ40உம் மொறிஸ் மைனரும்தான் இங்கே ஓடின. கார்பரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் புகை கக்கக் கக்க ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் ஆளேற்றின கார்கள். மச்சானின் மிட்ஜெட்டில் இருப்பது 1098 சிசி எஞ்சின். 1962க்குப் பிறகு வந்த மொறிஸ் மைனரிலும் இதே குடும்பத்து 1098 சிசிதான். மிட்ஜெட்டில் இரட்டை எஸ்.யூ. கார்பரேற்றர் பூட்டிக் கொஞ்சம் உசுப்பிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் பொனற்றைத் திறந்தால் எங்கள் பக்கத்து வயதான மெக்கானிக்மாருக்கு எல்லாமே பழகின முகம். மூடினால்தான் அது ஸ்போர்ட்ஸ் கார். வெளித் தோற்றமே பாதிச் சரக்கு என்று ஆகிவிட்ட காரில், மேலே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது சின்ன விஷயமில்லை.

முதலில் மச்சானின் மொழுமொழு. இன்றைய ஜேர்மன் கார்களில் இது எடுபடும். அவற்றைப் பின்னால் எழுத்தில்லாமலே வாங்க வழியுண்டு, அந்தப் பெரிய உடம்பு பெயரில்லாமலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். மிட்ஜெட் அப்படியில்லை. பதினொன்றரை அடிக்கும் குறைவான நீளம், இடுப்பளவு உயரம். ஏ9 வீதியில் ஒரு லொறிக்குப் பக்கத்தில் நின்றால் லொறியின் சில்லுக்குள்ளே போய்விடும். இவ்வளவு சின்னக் காரில் கண் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதே அந்த மினுங்கும் சாமான்கள்தான்: கிறில்லின் நேர் கம்பிகள், நடுவில் எம்.ஜி. என்று எழுதின எட்டு மூலைப் பட்ஜ், பொனற்றின் நடுவே ஓடும் குரோம் பட்டி, இரண்டு பக்கமும் நீளத்துக்குக் குரோம் பட்டி. இதையெல்லாம் கழற்றினால் மிஞ்சுவது நழுவின சவர்க்காரக் கட்டி. இன்னொரு சிக்கல், துளையைப் புட்டிப் பசை வைத்து மூடினால் அது அப்படியே இருந்துவிடாது. வெயிலில் சூடேறி, மாரியில் குளிர்ந்து, ஒன்றிரண்டு வருடத்தில் புட்டி உள்வாங்கி, பின்னேர வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு துளையும் அம்மைத் தழும்பாகத் தெரியத் தொடங்கும். பெயின்ற்காரர்களுக்கு மட்டும் இந்தத் தெரிவு நல்ல விருப்பம். துளையைச் சுற்றிக் கவனமாக அடிக்கிற வேலை மிச்சம்.

அடுத்தது, கம்பனி வைத்த பட்ஜுகளை மட்டும் வைப்பது. நான் நிற்பது இந்தப் பக்கம். ஆனால் இதற்கு வழக்கமாகச் சொல்லுகிற காரணத்தை நான் சொல்ல மாட்டேன். ‘பட்ஜ் உண்மையைச் சொல்லுது, ஸ்ரிக்கர் பொய் சொல்லுது’ என்பார்கள். மிட்ஜெட்டின் கதை தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 1961இல் வந்த மிட்ஜெட், ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்ற காரின் உடன்பிறப்பு. ஒரே உடம்பு, ஒரே எஞ்சின், அபிங்டனில் ஒரே தொழிற்சாலை. வேறு கிறில், வேறு பட்ஜ், இரண்டு மூன்று குரோம் பட்டி, கொஞ்சம் நல்ல சீற். அதற்குக் கூடுதல் விலை. அதாவது அந்தக் கம்பனி விற்றது பெரும்பாலும் பட்ஜைத்தான். இந்த ஒரே சாமானுக்கு இரண்டு பெயர் வைக்கிற வியாபாரத்தை அந்தக் காலப் பிரித்தானியக் கம்பனிகள் கொஞ்சமும் கூச்சமில்லாமல் செய்தன. ஒக்ஸ்போர்ட்டில் இருந்த மொறிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிலையத்தின் பெயரிலிருந்துதான் எம்.ஜி. வந்தது. அங்கே மனேச்சராக இருந்த செசில் கிம்பர் 1920களில் மொறிஸ் கார்களுக்கு வேறு உடம்பு கட்டி விற்கத் தொடங்கினார். பட்ஜின் பிறப்பே அப்படி.

ஆகவே உண்மை, பொய் என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது. என் அளவுகோல் வேறு: அந்தச் சாமான் காரோடு சேர்ந்து வரையப்பட்டதா, பிறகு ஒருவர் கொண்டுவந்து வைத்ததா? மிட்ஜெட்டின் கிறில் பட்ஜைக் கழற்றினால் அந்தக் கிறில்லின் நடுக்கம்பிக்கு வேலையில்லை. பக்கத்துக் குரோம் பட்டி, கதவும் மட்காட்டும் சந்திக்கிற இடைவெளியைத் தாண்டிக் கண்ணை இழுத்துக்கொண்டு பின்னுக்குப் போகிறது. இவற்றை வைத்தவர்கள் முழுக் காரையும் பார்த்து வைத்தார்கள். ரோல் ஸ்ரிக்கரில் வெட்டி ஒட்டுகிறவர் பார்ப்பது அந்த ஒரு தகரத்தை மட்டும்தான்.

மச்சானின் டிக்கியிலிருந்து கழற்றின பட்ஜைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் குரோமில் ஊசி குத்தினதுபோலச் சின்னச் சின்னப் பொக்குளம். துத்தநாக வார்ப்பின் மேல் குரோம் பூசின சாமான், வயதுபோனால் உள்ளிருந்து அரிக்கும். ஓரத்தில் மூன்று நிறப் பெயின்ற் படிந்திருந்தது, பச்சை, வெள்ளை, பிறகு ஏதோ மங்கல் நீலம். இதற்கு முதல் அடித்தவர்கள் யாரும் கழற்றாமலே அடித்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் இரண்டு முள். ஒன்று முறிந்து, அந்த இடத்தில் மஞ்சள் பிடித்த பழைய கம். இதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம். மிட்ஜெட்டுக்கான பட்ஜுகளை இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள், லண்டன் தம்பிக்குக் கொடியைவிடப் பிரயோசனமான வேலை அது. ஆனால் ஒரு கவனம். மலிவான நகல்களில் இனாமலுக்குப் பதிலாக மேலே பிசின் ஊற்றியிருப்பார்கள், எங்கள் வெயிலுக்கு அது மஞ்சளாகிக் குமிழி விடும். நானென்றால் முன்னுக்குப் புதிய பட்ஜும், டிக்கியில் பொக்குளம் விழுந்த இந்தப் பழையதும் பூட்டுவேன். முறிந்த முள்ளுக்கு நல்ல இரட்டைப் பக்க ரேப் போதும். துளைகளை மட்டும் மூடக்கூடாது.

இடைக்கிடை ஒரு சங்கடமும் வரும் என்று மச்சானுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். எம்.ஜி. என்ற எழுத்தைப் பார்த்ததும் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் கச்சான் விற்கிற அம்மா, “இது எம்ஜிஆர்ட காரோ தம்பி?” என்று கேட்கத்தான் போகிறா. ஓமென்று சொல்லிவிட்டால் கச்சான் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம்.

இனி மகனின் இரண்டு வெள்ளைக் கோடு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது, கோடுகளுக்கு நல்ல பரம்பரை உண்டு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கரான பிறிக்ஸ் கனிங்ஹாம் பிரான்சின் லு மான் கார்ப் பந்தயத்துக்குக் கொண்டுபோன வெள்ளைக் கார்களில் நீலக் கோடு இருந்தது. கார்ப் பந்தயத்தில் அமெரிக்காவின் நிறமே வெள்ளையும் நீலமும். 1965இல் ஷெல்பி ஜி.ரி.350 அதை வீதிக்குக் கொண்டுவந்தது. 1973 போர்ஷே கரேரா ஆர்.எஸ். பக்கவாட்டில் தன் பெயரையே பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டு, சில்லுக்கும் அதே நிறம் அடித்துக்கொண்டு வந்தது. ஸ்ரிக்கர் அழகுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதே ஆண்டு பொன்ரியாக் ட்ரான்ஸ் ஆம் காரின் பொனற் முழுக்கச் சிறகு விரித்த பறவை ஒன்று வந்தது. ரசனை என்று பார்த்தால் கொடுமை. ஆனால் அந்தக் காரில் அந்தப் பறவை இல்லாவிட்டால் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும். எம்.ஜி.கூடக் கோட்டுக்கு எதிரியில்லை: 1975இல் ஐம்பதாவது ஆண்டுக்காகப் பச்சை நிற எம்.ஜி.பி. ஜி.ரி.யில் பக்கத்துக்குப் பொன்னிறக் கோடு போட்டு விற்றார்கள்.

அப்படியானால் மச்சானின் மகனுக்கு ஏன் இல்லை என்கிறேன்? மிட்ஜெட்டின் பொனற்றில் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது, நடுவில் ஓடும் அந்தக் குரோம் பட்டி. அதற்கு இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு போட்டால் மூன்று. இந்த அகலப் பொனற்றில் மூன்று கோடு நெருக்கடி. குரோமைக் கழற்றிவிட்டுக் கோடு போடலாம் என்றான் அவன். அதாவது கம்பனி உலோகத்தில் செய்ததைக் கழற்றிவிட்டு, பிளாஸ்ரிக்கில் அதையே ஒட்டுவது.

அதைவிடப் பெரிய காரணம் எங்கள் வெயில். ஸ்ரிக்கர் கடைகளில் இரண்டு வகை வைனில் உண்டு. ஒன்று உருளைகளுக்கிடையில் நசுக்கி இழுத்துத் தாளாக்கினது. தடிப்பு, விலை குறைவு. இழுத்துச் செய்ததால் சூட்டில் மெதுவாகத் தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். மற்றது திரவமாக ஊற்றிக் காயவைத்தது. மெல்லியது, வளைவில் படியும், சுருங்குவது குறைவு, விலை கூட. கடை போர்டு வெட்டுகிற இடத்தில் கேட்காமல் கொடுத்தால் அனேகமாக முதல் வகைதான் ஒட்டுப்படும். வைகாசி ஆனியில் சோளகக் காற்று எழும்பி மாங்குளம், கனகராயன்குளப் பக்கத்துச் செம்மண் தூசியைக் கிளப்புகிற காலத்தில், சுருங்கின ஓரத்தில் வெளித்தெரிகிற கம்மில் அந்தத் தூசி போய் ஒட்டும். பிறகு வெள்ளைக் கோட்டைச் சுற்றிக் காவி நிறத்தில் ஒரு கரை. கழுவினாலும் போகாது. சரி, உரித்துவிடலாம் என்றால், ஹெயார் டிரையரால் சூடுகாட்டி உரித்து, மண்ணெண்ணெய்த் துணியால் கம்மைத் துடைத்த பிறகும் கோடு அங்கேயேதான் இருக்கும். சுற்றியுள்ள சிவப்பு வெயிலில் வெளிறியிருக்கும், கோட்டின் கீழே இருந்தது மட்டும் புதுச் சிவப்பாக நிற்கும். எல்லா நிறத்திலும் வெயிலுக்கு முதலில் தோற்பது சிவப்புத்தான். தூசி தெரியாது என்று சிவப்பைத் தெரிந்தவர் மச்சான், அவருக்கு இது நல்ல செய்தியில்லை. புதுப் பெயின்றின் மேல் சில கிழமைக்கு ஒட்டவும் கூடாது. உள்ளே இருக்கிற தின்னர் ஆவி வெளியேற வழியில்லாமல் ஸ்ரிக்கரின் கீழே குமிழி கட்டும்.

கோடு வேண்டியே தீருமென்றால் தூரிகையால் போடட்டும். முல்லைத்தீவுக் கரையில் போய் நின்று பார்த்தால் தெரியும், படகுகளில் பெயரும் கோடும் கையால் எழுதியிருக்கிற அழகு. உப்பு, வெயில், மணல் எல்லாம் பட்டும் பெயர் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. அப்படி எழுதுகிற கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. குரோம் பட்டிக்குக் கீழே நூலளவில் ஒரு கிறீம் நிறக் கோடு அவர்களைக் கொண்டு இழுப்பித்தால் நான் தடுக்க மாட்டேன். மங்கினால் அதுவும் காரோடு சேர்ந்து மங்கும்.

இன்னொருவரின் பட்ஜை ஒட்டுகிற வகையும் உண்டு. எங்கள் வீதிகளில் அதிகம் காண்பது இதைத்தான். ஹொண்டா சிவப்பு ‘எச்’ பட்ஜை ‘ரைப் ஆர்’ என்ற வேக மொடல்களுக்கென்று வைத்தது, 1992 என்.எஸ்.எக்ஸ். ரைப் ஆரிலிருந்து. இப்போது சிவப்பு ‘எச்’ இல்லாத ஹொண்டா தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓட்டோ ஒன்றின் மட்காட்டில் ஃபெராரிக் குதிரையைக் கண்டால் எனக்குப் பிடிக்கும். முதலாம் உலகப் போரின் இத்தாலிய விமானி பரக்காவின் விமானத்தில் துள்ளின குதிரை, மொடேனாவின் மஞ்சளில் ஏறி, கடைசியில் பரந்தன் சந்தியில் ஆளேற்றிக்கொண்டு நிற்கிறது. அதில் யாரும் ஏமாறுவதில்லை, எல்லோருக்கும் சிரிப்பு. ஆனால் சாதாரண மினியில் வேக மொடலின் ‘கூப்பர்’ எழுத்தும், 1098 எஞ்சின் காரில் பெரிய எஞ்சினின் ‘1275’ எழுத்தும் நம்பச் சொல்லிக் கேட்கின்றன. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல் திரும்பத் திறக்கும் வரைக்கும் பழைய கார்களின் விலை ஏறின ஏற்றத்தில், இந்த எழுத்துகளை நம்பிக் காசு கொடுத்தவர்களும் உண்டு. விற்கிற நாளில் பொனற் திறக்கப்படும்.

தம்பியின் யூனியன் ஜாக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கொடியை இங்கிலாந்தில் ஒட்டுவதே கொஞ்சம் அதிகம். கட்டாயம் ஏதாவது ஊர்ப்பெயர் வேண்டுமென்றால், நாடு கடந்து ஓடுகிற கார்களில் பின்னால் ஒட்டுகிற நீள்வட்டத் தகடு இருக்கிறதே, அதில் இலங்கைக்கு உரியது ‘சி.எல்.’ சிலோன் காலத்து எழுத்து, இன்னும் மாறவில்லை. பிரித்தானியாவின் பழைய ‘ஜி.பி.’ ஒட்டுகிறவர்களுக்கு அது தோன்றுவதேயில்லை. அதற்கும் மேலே, பழைய ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒவ் சிலோன் பட்ஜ் ஒன்று யாரிடமாவது கிடைத்தால் கிறில்லின் முன்னால் பூட்டலாம். எங்கள் ஊர் டொக்ரர்மாரின் கார்களில் ஒரு காலம் அது இருந்தது. விலைகொடுத்து வாங்கிப் பூட்டுவதில் எனக்கு அவ்வளவு மனமில்லை, குடும்பத்தில் இருந்தால் பூட்டலாம்.

மச்சாளின் பக்கத்தைத்தான் நான் அதிகம் யோசித்தேன். “தேர் முழுக்க நிறம், கோபுரம் முழுக்க நிறம், பஸ் முழுக்க லைற். காருக்கு மட்டும் ஏன் வெள்ளைக்காரன்ர அடக்கம்?” என்று கேட்டா. நியாயமான கேள்வி. அளவாக இருந்தால்தான் அழகு என்பது எங்கள் ரசனையின் சட்டமில்லை. தேரில் ஒரு சாண் வெறும் மரம் காண முடியாது. ஆனால் தேரைச் செய்கிற ஆசாரி முழுத் தேரையும் மனதில் வைத்து நிரப்புகிறார், அதனால் நிறைவு நிறைவாகத் தெரிகிறது. இது வெறுமையாக வரையப்பட்ட கார். இதை நிரப்புவதென்றால் பஸ்காரர்களைப்போல மூக்கிலிருந்து வால் வரைக்கும் நிரப்ப வேண்டும், அதற்கு மச்சாளே சம்மதிக்க மாட்டா. கண்ணாடியில் எழுதுவதில் இன்னொரு கரைச்சல்: மிட்ஜெட்டின் முன்கண்ணாடி ஒன்றரைச் சாண் உயரமும் வராது. மேலே ஒரு பட்டி ஒட்டினால் மச்சானின் கண்ணுக்கு நேரே அம்மன் பெயர்தான் நிற்கும், வீதி தெரியாது. டாஷ்போட்டில் சின்னப் படம் வைக்கலாம். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு ஐயர் தடவுகிற சந்தனம் எப்படியும் அந்த எட்டு மூலைப் பட்ஜில்தான் விழப்போகிறது, எழுத்தின் இடுக்கில் காய்ந்து கிடக்கும். அதைப் பல்துலக்கும் பிறஷ் போட்டுக் கிண்ட வேண்டியதில்லை.

இந்தக் காரில் யாரும் தெரிந்தெடுக்காத ஓர் அலங்காரமும் இருக்கிறது, ஶ்ரீ இலக்கத் தகடு. 1957இல் சிங்கள ஶ்ரீ எழுத்தைக் கட்டாயமாக்கினபோது வடக்கில் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதிக் கார் ஓட்டினார்கள், அடுத்த வருடம் அது 1958 கலவரத்தில் போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எழுத்தே இப்போது பழைய கார்க்காரர்களுக்கு மதிப்பான சாமான், ‘ஶ்ரீ நம்பர்’ என்று சொல்லிக் கூட விலை கேட்கிறார்கள். மச்சானும் பெருமையாகத்தான் சொல்லுகிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தகட்டை மட்டும் நேராகப் பூட்டச் சொன்னேன்.

ஆகவே என் தீர்ப்பு: கிறில்லில் புதுப் பட்ஜ், டிக்கியில் பழையது, மூன்று குரோம் பட்டிகளும் திரும்ப அதனதன் துளையில், வைனில் ஒன்றும் இல்லை. மகன் முகத்தைத் தொங்கப் போட்டான். அவனுக்காக ஒரு விட்டுக்கொடுப்பு. ஓட்டக் காரில் இலக்கம் போடுகிற வெள்ளை வட்டத்தைக் காந்தத் தாளில் வெட்டுவித்தால், நினைத்த நேரம் கதவில் வைத்துப் படம் எடுத்துவிட்டுக் கழற்றலாம். இரவில் விட்டுவிடக்கூடாது, கீழே ஈரம் நின்று பெயின்றைக் கெடுக்கும். அவனுக்கு அது பிடித்துவிட்டது. அளவு பார்க்க ஒரு துண்டு காந்தத் தாளும் எங்கேயோ தேடிக் கொண்டுவந்தான். இடது கதவில் டக்கென்று பிடித்தது. வலது கதவில் மேல் பாதியில் பிடித்தது, கீழ்ப் பாதியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு நிலத்தில் விழுந்தது. புதுத் தகரம் வைத்ததென்று காசு வாங்கின இடம் அது, உள்ளே முழுக்கப் புட்டி. பட்ஜ் விஷயம் அத்தோடு நின்றுபோய், மச்சான் இப்போது ரிங்கர்காரரோடு போனில் நிற்கிறார்.